கரண்ட் போனாலும் நிற்காத டவுன்லோட்: உங்கள் அனுபவம்?

கோத்தகிரிவாசி:
ஜூலை மழை. மும்பையில் இருக்கும் சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்தே உள்நுழையும் வழி) மூலம் போய், தமிழ் விக்கிப்பீடியா டம்ப்பை (மொத்தக் கட்டுரைகளின் பெரிய கோப்பு) டபிள்யூகெட் (கோப்பு இறக்கும் கட்டளை) போட்டு இறக்கிக்கொண்டிருந்தேன். எங்கேயோ கம்பி மேல் மரம் சாய்ந்து கரண்ட், நெட் இரண்டும் போச்சு. லேப்டாப்பில் சதவீதம் அப்படியே நின்றுவிட்டது. காலையில் சர்வருக்குள் போய், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் அடித்தால் கோப்பு முழுசாக இருக்கிறது! பக்கத்திலேயே நான் உருவாக்காத டபிள்யூகெட்-லாக் என்ற பதிவுக் கோப்பு. திறந்து பார்த்தால், நான் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் வரிவரியாகப் புள்ளி வைத்துக்கொண்டே ஓடியிருக்கிறது. இன்னும் நம்ப முடியவில்லை.

லவ்டேல் மாமா:
இதில் அதிர்ஷ்டம் எதுவும் இல்லை தம்பி. இணைப்பு அறுந்தால், ஓடும் நிரலுக்கு 'இணைப்பு போச்சு' என்று ஹேங்-அப் சிக்னல் வரும். டபிள்யூகெட் அதற்குச் சாகாது, வெளியீட்டை லாக்கில் திருப்பிவிட்டு வேலையைத் தொடரும். இன்னொரு டவுன்லோட் கட்டளையான கர்ல் அப்படி இல்லை. எனக்கு ஒரு முறை பாதியில் போயே போச்சு. அதனால் எதை ஓட்டினாலும் முதலில் சர்வரில் டீமக்ஸ் (இணைப்பு போனாலும் உள்ளே வேலையை ஓடவிடும் நிரல்) திறந்துகொள்ளுங்கள். கன்ட்ரோல்-பி, அப்புறம் டி அடித்தால் வெளியே வந்துவிடலாம், உள்ளே வேலை ஓடும். திரும்ப டீமக்ஸ் அட்டாச் போதும். டிஎஃப் மைனஸ் ஹெச் அடித்து டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்றும் முன்கூட்டியே பாருங்கள். டீமக்ஸ் இல்லாத சர்வரில், அந்த ஹேங்-அப் சிக்னலைக் கண்டுகொள்ளாமல் ஓடவைக்கும் நோஹப்பைக் கட்டளைக்கு முன்னால் போடுங்கள்.

கொடை கேட்டவர்:
மாமா, சர்வரே ரீபூட் ஆனால் டீமக்ஸும் சேர்ந்து போய்விடுமே? எனக்கு அதுதான் நடந்தது. தினமும் புதுப்பிக்கப்படும் வரைபடக் கோப்பு, பாதி வந்திருந்தது. எல்லோரும் சொல்கிற மாதிரி மறுநாள், விட்ட இடத்திலிருந்து தொடரும் டபிள்யூகெட் மைனஸ் சி போட்டேன். நூறு சதவீதம் என்று சமர்த்தாக முடிந்தது. எம்டி5சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்புக் குறி) எடுத்து, தளத்தில் கொடுத்திருந்ததோடு ஒப்பிட்டால் முதல் எழுத்திலேயே வேறு! ராத்திரியில் அதே பெயரில் புதுக் கோப்பு வந்திருக்கிறது. நேற்றைய தலை, இன்றைய வால். மைனஸ் சி பார்ப்பது அளவை மட்டும்தான், உள்ளே இருப்பதை அல்ல. தேதி போட்ட பெயர் இருந்தால் அதையே இறக்குங்கள்.

குன்னூர் டெர்மினல்:
கர்லை இப்படி ஒதுக்குவது சரியில்லை மாமா. அதையும் டீமக்ஸுக்குள் ஓட்டலாமே. என் பிரச்சினையே வேறு. பெரிய ஜிப் ஒன்று கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிட்டது. அன்ஜிப் ஒத்துக்கொள்ளவில்லை. கோப்பின் உள்ளே இருப்பதைக் காட்டும் கேட் கட்டளை அடித்தால் உள்ளே '301 மூவ்ட் பெர்மனென்ட்லி' என்று நாலு வரி ஹெச்டிஎம்எல். முகவரி மாறியிருக்கிறது, கர்ல் தானாகப் பின்தொடராது. மைனஸ் பெரிய எல் (-L) சேர்த்ததும் ஒழுங்காக வந்தது. பாதியில் நின்றதைத் தொடர மைனஸ் பெரிய சி, ஓர் இடைவெளி, அப்புறம் தனியாக இன்னொரு மைனஸ் (-C -). அந்தக் கடைசி மைனஸை விட்டுவிடாதீர்கள்.