உப்பளத்தில் அம்மாவின் பட்டன் போன்: பேசும்போதே அணைகிறது, வங்கிச் செய்தியும் வருவதில்லை

அளத்துவீடு:

வணக்கம். அம்மா தூத்துக்குடி பக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கிறார். நான் திருப்பூரில் இருக்கிறேன். அவரிடம் இருப்பது டார்ச்சும் எஃப்எம்மும் உள்ள சாதாரண பட்டன் போன். பிஎல்-5சி பேட்டரி போடும் மாடல். இத்தனை வருடம் எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை. இப்போது ஒன்று மாற்றி ஒன்று வருகிறது.

பேட்டரி பாதிக்கு மேல் காட்டும்போதே, பேசிக்கொண்டிருக்கையில் பட்டென்று அணைந்துவிடுகிறது. வீட்டில் பேசினால் அவ்வளவு இல்லை, அளத்தில் நின்று பேசினால்தான் அதிகம். சில நேரம் திரையில் ‘சிம் போடவும்’ என்று வருகிறது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும். சமீபத்தில்தான் கடையில் சிம் மாற்றினோம். சின்ன சிம்மை ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்துக் கொடுத்தார்கள். 2, 5 பட்டன்களை அழுத்தி அழுத்தித்தான் வேலை வாங்க வேண்டும். இதெல்லாம் போக, அழைப்பு ஒழுங்காக வந்தாலும் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி மட்டும் வருவதே இல்லை. உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு தரும் மழைக்கால நிவாரணம் 5000 ரூபாய் ஏறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள, அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வங்கியில் போய் நிற்கிறார்.

அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன். நானே பார்க்கக்கூடியது எது, கடைக்குக் கொடுக்க வேண்டியது எது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொங்குநாடன்:

இவ்வளவு சிக்கல் என்றால் ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்துவிடுங்கள் நண்பரே. வங்கி இருப்பை ஆப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம். பழையதற்குச் செலவு செய்வது வீண்.

அளத்துவீடு:

அக்கறைக்கு நன்றி. என் டச் போனை அம்மாவிடம் கொடுத்துப் பார்த்தாயிற்று. அளத்தில் கை எப்போதும் உப்புநீரில் நனைந்திருக்கும். ஈர விரலால் ஒன்றைத் தொட்டால் வேறொன்று திறக்கிறது. வெயில் ஏறிவிட்டால் பாத்தியிலிருந்து தெறிக்கிற வெளிச்சத்தில் திரையே தெரியாது. வேலை தொடங்குவது விடியுமுன், இருட்டில். அப்போது டார்ச்சை ஒரே அழுத்தில் போட வேண்டும். அம்மா போனைப் பார்த்து எண் அழுத்துவதில்லை. 5-ஆம் பட்டன் மேல் இருக்கிற சின்னப் புள்ளியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, அதிலிருந்து மேலே ஏறி 2-ஐ அழுத்திப் பிடிப்பார். எனக்கு மணி அடிக்கும். அவர் கைக்குப் பழகிய பொருள் இது. இதையே சரிசெய்ய முடியுமா என்றுதான் கேட்கிறேன்.

பழுதுமேசை:

தம்பி, நானும் கடலோர ஊரில்தான் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அளம், படகு இரண்டிலிருந்தும் போன்கள் வரும். நீங்கள் சொன்னதில் பாதி உப்பின் வேலை. மீதியில் ஒன்று பேட்டரி, ஒன்று வெறும் நிரம்பிப்போன பெட்டி.

செய்தி விஷயம்தான் எளிது, அதை முதலில் பாருங்கள். திரையின் மேலே சின்ன உறை படம் மினுங்குகிறதா? மினுங்கினால் செய்திப் பெட்டி நிரம்பிவிட்டது என்று அர்த்தம். பட்டன் போனில் இடம் கொஞ்சம்தான். விளம்பரச் செய்திகளே நிரப்பிவிடும். தமிழ்ச் செய்தி என்றால் இன்னும் சீக்கிரம் நிரம்பும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடம் என்றால் தமிழில் 70 தான். நீளமானால் துண்டு துண்டாக வந்து ஒவ்வொரு துண்டும் தனி இடம் பிடிக்கும். போன் நினைவகம், சிம் நினைவகம் இரண்டையும் திறந்து அழித்துவிடுங்கள். சிம்மில் கிடப்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. காத்திருக்கும் செய்திகள் கொஞ்ச நேரத்தில் வந்து விழும். நாள் கடந்தவை வராது. அப்புறம் அம்மா போனிலிருந்தே 1909-க்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டார்ட்’ என்று அடித்து, ஒரு இடம் விட்டு 0 போட்டு அனுப்புங்கள். விளம்பரம் குறையும். வங்கிச் செய்தி, ஓடிபி இதனால் நிற்காது.

அணைந்து போவது பேட்டரி. திரையில் பேட்டரி பாதிக்கு மேல் காட்டுவதை நம்பாதீர்கள். 2ஜி போன் பேசும்போது அலையை விட்டு விட்டு அனுப்பும், நொடிக்குச் சுமார் 217 துடிப்பு. ரேடியோ பக்கத்தில் போனை வைத்தால் அழைப்பு வருமுன் ஒரு கரகர ஓசை கேட்குமே, அது இதுதான். டவர் தூரமாக இருந்தால் போன் முழு பலத்தையும் கொடுக்கும். 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது 2 வாட் வரை போகும். அந்த நேரம் ஒவ்வொரு துடிப்புக்கும் பேட்டரியிலிருந்து 2 ஆம்பியர் வரை இழுக்கும். வயதான பேட்டரி சும்மா இருக்கையில் 4 வோல்ட் காட்டும், இந்த இழுப்பில் சரிந்துவிடும், போன் அணையும். வீட்டில் சிக்னல் நன்றாக இருப்பதால் அங்கே தாங்குகிறது, அளத்தில் தாங்கவில்லை. பேட்டரியைக் கழற்றி மேசைமேல் படுக்கவைத்துச் சுழற்றிப் பாருங்கள். பம்பரம் மாதிரி சுற்றினால் வயிறு உப்பியிருக்கிறது. அதைத் திரும்ப மாட்டவே வேண்டாம். சுற்றாவிட்டாலும், தெரிந்தவரிடம் நல்ல பிஎல்-5சி ஒன்றை வாங்கிப் போட்டு அளத்தில் நின்று பேசிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சிம் தகராறுக்குக் காரணம் அந்தப் பிளாஸ்டிக் சட்டமாக இருக்கலாம். சின்ன சிம் அதற்குள் மயிரிழை அசைந்தாலும் போனின் முள்ளில், அதாவது மின்சாரம் தொடும் முனையில், படாது. இன்றைய சிம் அட்டையில் மூன்று அளவுக்கும் வெட்டுக்கோடு இருக்கிறது. பெரிய அளவிலேயே உடைத்துத் தரச் சொல்லி வாங்கினால் சட்டமே தேவையில்லை. சிம் மாற்றியதும் முதல் 24 மணி நேரம் செய்தி வராது. மோசடிக்காரர்கள் ஓடிபி பிடிக்காமல் இருக்க வைத்த கட்டுப்பாடு அது. வங்கி வேலையை அதற்கு அடுத்த நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உப்பு. பேட்டரியைக் கழற்றினால் அந்தக் குழியின் ஓரத்தில் மூன்று முள் இருக்கும். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா பாருங்கள். நடு முள் பேட்டரி எந்த வகை என்று போனுக்குச் சொல்வது. அதில் அழுக்கு ஏறினால் சார்ஜ் ஏறவும் மறுக்கும். பேட்டரியின் தங்க நிறப் பட்டைகளையும் சிம்மையும் பென்சில் ரப்பரால் தேய்க்கலாம். போனில் உள்ள முள்ளைத் தேய்க்காதீர்கள், வளைந்துவிடும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஐபிஏ என்ற சுத்தம் செய்யும் ஆல்கஹால் திரவம் கிடைக்கும், காது குடையும் பஞ்சில் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள்.

ஆரோக்கியபுரம்:

அரிசிக்குள் போட்டு வைத்தால் ஈரம் போய்விடும் என்பார்களே அண்ணாச்சி, அது உதவுமா?

பழுதுமேசை:

வேண்டாம். தண்ணீர் போனாலும் உப்பு உள்ளேயேதான் இருக்கும். உப்பு விளைந்தபின் அளத்தில் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் குளோரைடு அதிகம். அது காற்றில் இருக்கிற ஈரத்தைத் திரும்பத் திரும்ப இழுத்துக்கொள்ளும். போன் பாத்தியில் விழுந்தால் அடுத்த நொடி பேட்டரியைக் கழற்ற வேண்டும். மின்சாரமும் உப்புநீரும் சேர்ந்தால் செம்பை வேகமாக அரிக்கும். எரிகிறதா என்று ஆன் பண்ணிப் பார்ப்பது, சார்ஜில் போடுவது இரண்டும் கூடாது. அன்றைக்கே கடைக்கு வந்தால் உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டைக் கழுவிக் காப்பாற்றிவிடலாம். மூன்று நாள் அரிசியில் வைத்துவிட்டுக் கொண்டுவருகிறார்கள், திறந்தால் போர்டில் செம்புத் தடமே அரித்துப் போயிருக்கும்.

தாமிரபரணி:

இந்தப் பேச்சோடு ஒட்டிய ஒன்று. ரீசார்ஜுக்கு டேட்டா சேர்ந்த பேக்கைப் போட்டுக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான பேக் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. 365 நாள் வரை செல்லுபடி வைக்கலாம். கடையில் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: 2ஜி மட்டும் உள்ள போனில் ஜியோ சிம் வேலை செய்யாது, அவர்களிடம் 2ஜி கிடையாது. சிம் மாற்றும்போது நிறுவனத்தையும் மாற்றச் சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

அளத்துவீடு:

ஊருக்கு வந்துவிட்டேன். உறை மினுங்கிக்கொண்டுதான் இருந்தது. அம்மா அதைச் சிக்னல் படம் என்று நினைத்திருக்கிறார். எல்லாவற்றையும் அழித்ததும் வங்கிச் செய்திகள் வரிசையாக வந்தன. பழைய பேட்டரி மேசையில் நன்றாகவே சுற்றியது. புதியது போட்டபின் அளத்து நடுவரப்பில் நின்று அம்மா என்னோடு பேசினார், அணையவில்லை. முள்ளில் பச்சை இருந்தது, துடைத்துவிட்டேன். பெரிய சிம் நாளை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பட்டன் மட்டும் அப்படியே இருக்கிறது அண்ணாச்சி. 2 வேலை செய்யாவிட்டால் அம்மாவுக்கு என்னைக் கூப்பிட வழியில்லை.

பழுதுமேசை:

நல்லது தம்பி. பட்டனைக் கடையில் கொடுங்கள். ரப்பருக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர், அதில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குமிழ்த் தகடு. அதற்கும் போர்டுக்கும் நடுவில் உப்பு போயிருக்கும். ஸ்டிக்கரை மாற்றி, போர்டை ஐபிஏவில் துடைத்தால் பழையபடி டக் டக் என்று அழுந்தும். சின்ன வேலைதான். அதுவரை ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் அழைக்கும் ஸ்பீட் டயலில் உங்கள் எண்ணை 2-லிருந்து 3-க்கு மாற்றி வையுங்கள். புள்ளியிலிருந்து மேலே போய் வலப்பக்கம் ஒரு பட்டன் என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்து எப்போதாவது போன் மாற்ற வேண்டி வந்தால், பட்டன்கள் எல்லாம் ஒரே ரப்பர் தகட்டில் இருக்கிற மாடலாகப் பாருங்கள். 2003-இல் வந்த நோக்கியா 1100 அப்படித்தான் இருந்தது. இடுக்கு இல்லாததால் தூசி உள்ளே இறங்காது. இப்போதைக்கு, அழுத்தி மூடுகிற சின்ன பிளாஸ்டிக் உறையில் போனைப் போட்டு மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உறையோடே பட்டன் அழுத்தலாம், பேசலாம், டார்ச் வெளிச்சமும் வரும். ஆனால் ராத்திரி உறையிலிருந்து எடுத்துக் காற்றாட வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வியர்வை ஈரம் உள்ளேயே நிற்கும். உறையையும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயப்போடுங்கள்.

அளத்துவீடு:

3-க்கு மாற்றிவிட்டேன். அம்மா பார்க்காமலே அழுத்திக் காட்டினார், மணி அடித்தது. பட்டன் வேலைக்கு நாளை சிம் வாங்கும்போதே கொடுக்கிறேன். உறை ஒரு கட்டு வாங்கியிருக்கிறேன், அம்மாவோடு வேலை பார்க்கும் அக்காமார்களுக்கும் சேர்த்து. எல்லோருக்கும் நன்றி.