குற்றத்துக்கு ஆளானோர் ஆய்வு: தலைப்புக்கு ஒரு சொல் தேவை

புதுவை ஆசிரியை:
அன்பர்களே, திங்கட்கிழமை என் மாணவர்கள் முத்தியால்பேட்டையிலும் தேவனாம்பட்டினத்திலும் வீடு வீடாகப் போய், "கடந்த ஆறு மாதத்தில் திருட்டு, வழிப்பறி, அடிதடி ஏதாவது உங்களுக்கு நேர்ந்ததா?" என்று கேட்கப்போகிறார்கள். அமெரிக்காவில் 1972 முதல் இப்படி வீட்டாரைக் கேட்டு நடக்கும் குற்ற ஆய்வின் சின்னச் சாயல். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு, போலீஸ் பதிந்ததோடு நின்றுவிடும். வண்டி போனால் இன்சூரன்சுக்காகப் புகார் கொடுப்பவர்கள், கைப்பேசி போனால் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். தலைப்பு என்ன வைக்கலாம்? "பலியானோர் ஆய்வு" என்கிறான் ஒரு மாணவன்.

கடலூர் புலவர்:
பலியானவரிடம் வினாத்தாளை நீட்ட முடியாதே அம்மா! கொலை இந்த ஆய்வில் வராததே அதனால்தான். "உறுகணர் ஆய்வு" என்க. திருக்குறளின் தவம் அதிகாரத்தில் உறுகண் என்றால் துன்பம். "உறுவர்" கூடாது, நிகண்டில் அது முனிவர்.

நெய்வேலி அன்பர்:
"எங்க வீட்ல யாருக்கும் கண்ணுல கோளாறு இல்ல தம்பி" என்று கதவைச் சாத்திவிடுவார்கள் ஐயா. "பாதிக்கப்பட்டோர்" போதும்.

புலவர்:
பாதிப்பு வடசொல்.

ஆசிரியை:
வடசொல் என்பதற்காக இல்லை, வேறு காரணத்துக்காக எனக்கும் தயக்கம். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் எல்லாம் பார்த்த ஊர். "பாதிக்கப்பட்டோர் கணக்கெடுப்பு" என்றால் இங்கே நிவாரணம் என்றுதான் பொருள். ரேஷன் அட்டை நகலோடு வந்து நிற்பார்கள், நடக்காத திருட்டும் கணக்கில் ஏறிவிடும்.
அப்புறம் இன்னொன்று. போன வருஷம் போன சைக்கிளை இந்த ஆறு மாதத்துக்குள் இழுத்துச் சொல்வார்களே, அதற்கும் ஒரு சொல் வேண்டும். "முன்னிழுப்பு"?

புலவர்:
இழுப்பு மூச்சுநோய்.

நெய்வேலி அன்பர்:
சொல் கிடக்கட்டும். "மாசி மகத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்கச் சொல்லுங்கள், தேதி தானாக வந்துவிடும். அமெரிக்கர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே வீட்டுக்குத் திரும்பப் போய், முன்பு சொன்னதோடு ஒப்பிடுவார்கள். உங்கள் பிள்ளைகள் போவது ஒரே தடவைதானே.

ஆசிரியை:
சரி, அச்சகத்தில் அவசரப்படுத்துகிறார்கள். "குற்ற அனுபவ வீட்டு ஆய்வு" என்று கொடுத்துவிட்டேன். தனிமடலில் பலரும் சரி என்றார்கள்.

புலவர்:
அனுபவமும் வடசொல்தான். "குற்றப் பட்டறிவு" என்றிருக்கலாம்.

நெய்வேலி அன்பர்:
அது திருடனுக்கு இருப்பது ஐயா.

புலவர்:
குற்ற அனுபவம் மட்டும் யாருக்கு இருப்பதாம்?