சிறுநீர்க் கசிவுக்குப் பிறப்புறுப்பில் லேசர் செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா?

சாட்ஸ்வொர்த் அக்கா:
தும்மினால் கசிகிற கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தபோது பாதி வழியில் மஞ்சள் புடவை நனைந்துவிட்டது, அதோடு டர்பனில் ஒரு கிளினிக்குக்குப் போய்விட்டேன். கத்தி வேண்டாம், மூன்று தடவை வந்தால் போதும் என்றார்கள். இரண்டாம் தடவை உள்ளே சுருக்கென்று சுட்டது, சொன்னதற்கு "கொஞ்சம் சூடுதான் ஆன்ட்டி" என்று பதில். அன்று ராத்திரி சிறுநீர் பட்டதும் ஒரு எரிச்சல் பாருங்கள், குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்து குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தார், எழுந்து திறக்க முடியவில்லை. எட்டு மாதம் ஆகிறது. கசிவு அப்படியே இருக்கிறது, உறவின்போது வலி மட்டும் புதிதாக வந்திருக்கிறது.

டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து:
கஷ்டமாக இருக்கிறது அக்கா. ஆனாலும் லேசரே ஆகாது என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்கு எரியவே இல்லை, ஐந்தாறு மாதம் பேட் இல்லாமல் நடந்தேன். அப்புறம் பழையபடி ஆகிவிட்டது. மறுபடி வரச் சொன்னார்கள், மருத்துவக் காப்பீடான மெடிக்கல் எய்ட் ஒரு ராண்ட் கூடத் தராததால் விட்டுவிட்டேன்.

மாரிட்ஸ்பர்க் நர்ஸம்மா (ஓய்வு):
ஃபீனிக்ஸ் தங்கச்சி, அக்கா எங்கே அப்படிச் சொன்னார்? உனக்கு எரியவில்லை என்பதற்காக யாருக்கும் எரியாது என்று ஆகிவிடுமா? சூடு காட்டிச் சதையை இறுக்குவதுதான் இந்த வைத்தியம், அது கூடிப்போனால் புண்ணாகும், ஆறும்போது தழும்பாகும். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018 ஜூலையிலேயே எச்சரித்துவிட்டது: சிறுநீர்க் கசிவுக்கு இந்தக் கருவிகளை அனுமதிக்கவில்லை, தீக்காயமும் தழும்பும் தீராத வலியும் வந்திருக்கின்றன என்று. பிரிட்டனில் எந்த வைத்தியம் செய்யலாம் என்று வழிகாட்டுகிற நைஸ் அமைப்பு 2021இல் இருமல், தும்மலில் வரும் கசிவுக்கு இதை ஆராய்ச்சிக்காக மட்டுமே செய்யலாம் என்றது. நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதலில் சிறுநீரைச் சோதித்துக் கிருமி இருக்கிறதா என்று பாருங்கள். அடக்க முடியாமல் ஓடுகிற அவசரக் கசிவு வேறு, தும்மலில் கசிவது வேறு, இரண்டுக்கும் வைத்தியமும் வேறு. தும்மல் கசிவுக்கு முதல் வைத்தியம் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி. சிறுநீரை நிறுத்துகிற மாதிரி தசையை இறுக்கி விடவேண்டும், ஒரு வேளைக்கு எட்டுத் தடவையாவது, தினம் மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். மூச்சை அடக்காதீர்கள். தெரிந்த பிசியோவிடம் ஒரு தடவை காட்டிக்கொள்ளுங்கள், பலர் வயிற்றைத்தான் இறுக்குகிறார்கள். நானும் இந்தப் பயிற்சியால்தான் மூன்றாம் பிள்ளைக்கு அப்புறம் சரியானேன். ஆனால் அக்கா, உங்களுக்கு வலி இருக்கும்போது நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம், முதலில் மகளிர் மருத்துவரைப் பாருங்கள்.

சாட்ஸ்வொர்த் அக்கா:
இந்தப் பயிற்சியை அங்கே ஒருவரும் வாயால்கூடச் சொல்லவில்லை நர்ஸம்மா. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அன்று கையெழுத்துப் போட்ட தாளின் நகலை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். "லேசான அசௌகரியம்" என்று இருக்கிறது. தீக்காயம் என்ற சொல் எங்கேயும் இல்லை.