கருத்தடை மாத்திரைக்கு மருத்துவரின் சீட்டு கட்டாயமா?

பூங்கொத்து:
எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்து நான்கு மாதங்கள் ஆகின்றன, தாய்ப்பால் கொடுக்கிறேன். சென்ற வாரம் ஆணுறை கிழிந்துவிட்டதால், அவசரக் கருத்தடை மாத்திரை வாங்க என் கணவர் சென்னையில் எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள ஐந்து மருந்துக்கடைகளில் ஏறி இறங்கினார். மூன்றில் 'அதெல்லாம் வைப்பதில்லை' என்றார்கள்; ஒன்றில் சீட்டு கேட்டார்கள்; ஐந்தாவது கடைக்காரர் பதிலே சொல்லாமல் அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டாராம். மறுநாள் பெங்களூரிலிருந்து வந்த என் நாத்தனார்தான் வாங்கி வந்தார். இனித் தினமும் சாப்பிடும் மாத்திரைக்கு மாறலாம் என்றிருக்கிறேன். அதற்கும் சீட்டு வேண்டுமா? சட்டம் என்ன சொல்கிறது?

பழைய மருந்தாளுநர்:
சகோதரி, சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. லெவோனார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் உள்ள அவசர மாத்திரையை 2005 முதல் இந்தியாவில் சீட்டு இல்லாமல் விற்கலாம். தமிழ்நாட்டுக்கென்று தனித் தடை எதுவும் இல்லை. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'கே' அட்டவணையில், தினமும் சாப்பிடும் 'மாலா' வகை மாத்திரைகளில் உள்ள ஹார்மோன் சேர்மானமும், சென்ட்குரோமன் என்ற கருத்தடை மாத்திரையும் சீட்டு இல்லாமல் விற்க விலக்குப் பெற்றவை. டிரோஸ்பிரினோன், சைப்ரோடெரோன் என்ற ஹார்மோன்கள் சேர்ந்த மாத்திரைகள் அப்படியல்ல, அவற்றுக்குச் சீட்டு வேண்டும். கருக்கலைப்பு மாத்திரையான மிஃபெப்ரிஸ்டோனுக்கும் அவசர மாத்திரைக்கும் வேறுபாடு தெரியாமல், மருந்து ஆய்வாளர்களின் சோதனைக்குப் பயந்து இரண்டையுமே ஒதுக்கிவைக்கும் கடைகள் இங்கே உண்டு. அவசர மாத்திரை கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுமே தவிர, தரித்த கருவைக் கலைக்காது. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு விரைவாகச் சாப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது என்னும் மருந்துக்கு 'நாளை வாருங்கள்' என்பதும் மறுப்புதான்.

வைகைக்கரை:
சட்டம் இருக்கட்டும், மருத்துவரைப் பார்க்காமல் ஹார்மோன் மாத்திரை சாப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. என் சித்தி மகளுக்கு இரத்த அழுத்தம் இருந்தது அவளுக்கே தெரியாது.

செவிலியக்கா:
வைகைக்கரை சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையை, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், கண்முன் ஒளிக்கீற்று தெரிந்து ஒற்றைத் தலைவலி வருபவர்கள், முன்பு இரத்தக் கட்டி ஏற்பட்டவர்கள், 35 வயதுக்கு மேல் புகைபிடிப்பவர்கள் தவிர்க்க வேண்டும்; காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் சில வலிப்பு மருந்துகளும் அதன் பலனைக் குறைத்துவிடும். ஆனால் இவற்றைக் கேட்டறிவதற்கும் இரத்த அழுத்தம் பார்ப்பதற்கும் கால் மணி நேரமும் ஒரு செவிலியரும் போதும். பூங்கொத்து, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு, ஈஸ்ட்ரோஜன் கலந்த மாலா-என் மாத்திரையைப் பொதுவாகத் தருவதில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'சாயா' என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கும் சென்ட்குரோமனைக் கேளுங்கள். அது லக்னோவில் உருவாக்கிய, ஹார்மோன் அல்லாத மாத்திரை. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. மாதவிடாய் தள்ளிப்போகலாம், கர்ப்பம் என்று பதறாதீர்கள். சந்தேகம் இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அண்மையில் மஞ்சள் காமாலை வந்திருந்தாலோ சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பழைய மருந்தாளுநர்:
ஒன்றைச் சேர்க்கிறேன். அமெரிக்காவில் 1960-இல் கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. தினசரி மாத்திரை ஒன்றைச் சீட்டின்றி விற்க 2023-இல்தான் ஒப்புதல் தந்தார்கள். ஏட்டளவில் நாம் அவர்களுக்கு முன்னால் இருக்கிறோம், கடை வாசலில்தான் பின்தங்கிவிட்டோம்.

பூங்கொத்து:
நன்றி. இன்று காலை நகர்ப்புற சுகாதார நிலையத்துக்குப் போனேன். இரத்த அழுத்தம் பார்த்து, கர்ப்பம் இல்லை என்று பரிசோதித்து, ஒரு மாதத்துக்கான சாயா கொடுத்தார்கள். ஞாயிறும் புதனும் சாப்பிட வேண்டுமாம். அவசர மாத்திரையும் அங்கேயே இருந்தது. எங்கள் தெருவிலிருந்து நடந்துபோகும் தூரம்தான், அன்று எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை.