புதுப்பிப்பு: காயோ தே அகுவா போய் வந்தாச்சு

வெனிசுவேலாவின் லாஸ் ரோக்கஸ் தீவுக்கூட்டத்தில், முக்கியத் தீவான கிரான் ரோக்கேயில் தங்கி, மேற்குப் பக்கமுள்ள காயோ தே அகுவா தீவுக்கு ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடியும். ஆனால் காலையிலேயே கிளம்பிவிட வேண்டும், ஏனென்றால் போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளிவிடுகிறது, சுகமாக இருக்கிறது, திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடித்து, படகு அலைக்கு அலை தூக்கிப் போட்டதில் இடுப்பு ஒரு வழியாகிவிட்டது.

காயோ தே அகுவாவில் இரண்டு திட்டுகளை இணைக்கும் அந்த மணல் பாதை, இருபுறமும் கடல், படத்தில் பார்ப்பதைவிட அழகு. நிழல்தான் கிடையாது. 1972-இலிருந்து தேசியப் பூங்கா என்பதால் விடுதி, கடை எதுவும் அங்கே இல்லை, தண்ணீர், சாப்பாடு, குடை எல்லாம் படகிலேயே வரவேண்டும். எனக்கு அப்படி இருப்பதே பிடித்தது.

வழியில் தோஸ் மொஸ்கீசஸ் தீவில் கடலாமைக் குஞ்சுகளை வளர்த்துக் கடலில் விடும் நிலையம் இருக்கிறது, படகுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அப்புறம், சிங்கி இறால் கேட்டவர்களுக்கு: நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் பிடிக்க அனுமதி.