[கலைச்சொல்] குதிரையைக் கையில் பிடித்து நடத்துவதற்கு ஒரு சொல்

மொழிபெயர்ப்பாளர், திருநெல்வேலி:

எல்லாருக்கும் வணக்கம். கால்நடைப் பயிலுநர்களுக்கான கைநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேணும். மாடு, ஆடு முடிஞ்சுது, குதிரையில நிக்கிறன். ஏறிச் சவாரி செய்யிறதைப் பற்றின பகுதி இல்லை. ஆள் நிலத்தில நிண்டபடி, குதிரையின்ர தலைவாரில கொழுவின கயிற்றைப் பிடிச்சுக் கொண்டுபோறதுக்கு ஒரு சொல் வேணும். கயிற்றுக்கும் தலைவாருக்கும் சொல் வேணும். "கூட்டிச் செல்லல்" எண்டு போட்டன்; நேர்சரிப் பிள்ளையைக் கூட்டிப்போற மாதிரிக் கிடக்கு.

நல்லூர் ஐயா:

சொல் இல்லாமல் தவிக்க வேண்டியதில்லை. பட்டினப்பாலையில் "நீரின் வந்த நிமிர்பரிப் புரவி" என்று வருகிறதே. அங்கே பரி என்பது குதிரையன்று, அதன் செலவு, அதாவது ஓட்டம்; புரவிதான் குதிரை. ஆகவே கையால் பற்றிச் செலுத்துவது கைப்பரி. தலைவாருக்குக் கறுழ் என்ற பழஞ்சொல் இருக்கிறது. லகான் பாரசீகம், தவிர்க்க. தொல்காப்பியர் ஆண்குதிரையைச் சேவல் என்னலாம் என்று இடங்கொடுத்ததையும் கைநூலில் ஓர் அடிக்குறிப்பாகச் சேர்க்கலாம்.

பாஷையூர்:

ஐயா, கைப்பரியை எங்கட பக்கத்தில கைப்பறி எண்டுதான் வாசிப்பினம். பறி எண்டால் மீன் போடுற கூடை. சேவலை அடிக்குறிப்பில போட்டால் பிள்ளையள் கோழி அதிகாரத்துக்குப் போயிடுவினம்.

நெடுந்தீவு (இப்போது கனடாவில், குதிரைப் பண்ணையில் வேலை):

கறுழ் எண்டது வாய்க்குள்ள போற இரும்பு, கடிவாளம். தலைவாரில இரும்பே இல்லை, முகத்தைச் சுத்தி வார் மட்டும்தான். ரெண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் படிக்கிற பெடியன் குதிரையின்ர வாயைத்தான் கிழிப்பான். முகவார் எண்டு போடுங்கோ, பாத்த உடன விளங்கும்.

சொல்லுக்கு முதல் வேலையைச் சொல்லுறன். குதிரைக்கு ரெண்டு கண்ணும் பக்கவாட்டில. மூஞ்சைக்கு நேர முன்னாலயும் வாலுக்கு நேர பின்னாலயும் அதுக்குத் தெரியாது. அதால நாங்கள் நிக்கிற இடம் இடது தோள்மூட்டடி. வலது கையில கயிறு, நாடிக்குக் கீழ ஒரு சாண் விட்டு. மிச்சக் கயிறு இடது கையில, முன்னும் பின்னுமா மடிச்சு. கையில சுத்தவே கூடாது. வெருண்டு பாய்ஞ்சால் சுத்து இறுகி விரலோட போகும், இல்லாட்டி ஆளையே இழுத்துக்கொண்டு போகும். திருப்பேக்க எங்களுக்கு அங்கால, வலப்பக்கமாத் தள்ளித் திருப்பவேணும். எங்கட பக்கம் இழுத்தால் குளம்பு காலில ஏறும். அடைப்புக்குள்ள விடேக்க முகத்தை எங்களைப் பாக்கத் திருப்பி, பிறகுதான் கயிற்றைக் கழட்டுறது. அவிட்ட உடன சில குதிரை பின்னங்காலால உதைச்சுக்கொண்டு பாயும்.

இனிச் சொல்லைப் பாருங்கோ. மாட்டைப் பின்னால நிண்டு "சாய்ச்சுக்கொண்டு" போறம். குதிரைக்குப் பின்னால நிக்கவே ஏலாது. முன்னால நிண்டு "இழுக்கிறதும்" இல்லை, இழுத்தால் அது எதிர்த்து இழுக்கும். ஊரில இருக்கிற ரெண்டு வினையும் பிழையான இடத்தில ஆளை நிப்பாட்டுது. பக்கத்தில நிக்கிறதைச் சொல்லுற சொல் வேணும்.

கொக்குவில் ரீச்சர்:

இப்பதான் விசயம் விளங்குது. "ஒட்டி நடத்தல்" எப்பிடி?

பாஷையூர்:

"ஒ"வை "ஓ"வா மாறி அடிச்சால் "ஓட்டி நடத்தல்". அண்ணை வேண்டாம் எண்ட வேலையையே அச்சில போட்டு விக்கப்போறியள்.

கொக்குவில் ரீச்சர்:

அப்ப "தோளோடு நடத்தல்". கயிற்றுக்குத் தும்பு. "தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறது" எண்ட பழமொழியில தும்பு கயிறுதானே? குதிரை விசயத்தில அந்தப் பழமொழி அப்பிடியே பாதுகாப்பு விதி.

மொழிபெயர்ப்பாளர், திருநெல்வேலி:

ரீச்சர், பழமொழி அருமை. ஆனால் யாழ்ப்பாணத்தில தும்பு எண்டால் பொச்சு உரிச்ச தும்பு, தும்புத்தடி, கோயில் திருவிழாவில தும்பு முட்டாசு. "தும்பைக் கையில் சுற்றாதே" எண்டு எழுதினால் ஆருக்குப் பயம் வரும்? பிடிகயிறு எண்டு போடுறன், வினைத்தொகை.

நல்லூர் ஐயா:

பிடிகயிறு சரி. அதற்கு மேலும் மரபு உண்டு. நரி பரியான கதையில் சொக்கன் பாண்டியனிடம் குதிரைகளை ஒப்படைத்தது கயிறு மாறித்தான். கயிறு கைமாறினால் பொறுப்பும் கைமாறும். இரவில் பரிகள் மீண்டும் நரிகளானபோது விற்றவரைக் கேட்க முடியவில்லை. பயிலுநருக்கு இதைச் சொன்னால் கயிற்றின் மதிப்புத் தெரியும்.

ஆனால் "தோளோடு நடத்தல்" இலக்கணப்படி நிற்காது. நடத்தல் தன்வினை, நட என்பதிலிருந்து. நடத்துதல்தான் பிறவினை. நீங்கள் எழுதியபடி மனிதன் நடக்கிறான், குதிரை நிற்கிறது.

நெடுந்தீவு:

ஐயா, ரெண்டு பேரும்தானே நடக்கினம்.

கொக்குவில் ரீச்சர்:

ஐயாவின்ர தொல்காப்பியத்தையே நானும் எடுக்கிறன். அந்தச் சேவல் சூத்திரம் எப்பிடி முடியுது? "வழக்கின் உண்மையின் கடியலாகா." வழக்கில வந்தால் தள்ளக்கூடாது எண்டுதான். சவாரியும் பாரசீகம்தான். அதுக்காக மாட்டுவண்டிச் சவாரித் திடலில போய் ஆரும் பேரை மாத்தச் சொல்லினமா?

நல்லூர் ஐயா:

வழக்கில் வந்ததைத்தான் தள்ளக்கூடாது என்கிறார். நேற்றுப் பின்னேரம் பிறந்த சொல்லுக்கு ஏது வழக்கு?

சுழிபுரம்:

நெடுந்தீவு மட்டக்குதிரையளை ஆராவது இப்பிடிப் பிடிச்சு நடத்தியிருக்கினமோ? ஒல்லாந்தர் காலத்து லாயத்தின்ர தூண்கள் இப்பவும் நிக்குது, அப்ப வேலைசெய்த சனத்தின்ர சொல் ஏதும் மிஞ்சியிருக்கோ?

நெடுந்தீவு:

நான் சின்னனில கேட்டதில்லை. அதுகள் கட்டாக்காலி, கிட்டப் போனாலே ஓடும்.

மொழிபெயர்ப்பாளர், திருநெல்வேலி:

நாளைக்கு வெள்ளி. முகவார், பிடிகயிறு, தோளோடு நடத்துதல். "து" ஐயாவுக்காக. முதல் தரம் வாற இடத்தில "இடது தோள்மூட்டடியில் நின்று" எண்டு விளக்கமும் போட்டிட்டன். கூடப் பேர் இதுக்குத்தான் ஓமெண்டவை, மிச்சப் பேர் களைச்சுப் போச்சினம்.

நல்லூர் ஐயா:

"து" வந்ததற்கு நன்றி. "தோளோடு" என்பதில் எவருடைய தோள் என்பது இன்னும் தெளிவில்லை. இரண்டாம் பதிப்பில் பார்ப்போம்.