கடல் வாசலில் கிடக்க உப்பு வாளி எதற்கு?

வாவிக்கரை – கல்லடி
100 லீற்றர் மீன்தொட்டி, வயது இரண்டு. இரண்டு கோமாளி மீன், ஐந்தாறு மஷ்ரூம் பவளம், உள்ளங்கையளவு லெதர் பவளம் ஒன்று. எல்லாம் கொழும்பில் கடையில் வாங்கியவை. தொடங்கிய நாளிலிருந்து கல்லடிக் கடற்கரைத் தண்ணீர்தான். டிசம்பரில் இரண்டு தரம் 25 லீற்றர் வீதம் மாற்றினேன். அதற்குப் பிறகு மூன்று வாரமாக மஷ்ரூம்கள் சுருண்டு கிடக்கின்றன, லெதர் விரியவே இல்லை.

நேற்று அளந்தேன். உப்பு ஆயிரத்துக்கு 30, காரத்தன்மையைக் காட்டும் கேஎச் 6.8, கல்சியம் 360, வெப்பம் 26. எல்லாமே குறைவு. கேஎச்சை ஏற்ற இன்றிரவு இரண்டு தேக்கரண்டி அப்பச்சோடா போடலாம் என்று இருக்கிறேன். கூட்டாளி ஒருவன் கடல் தண்ணீரையே விட்டுவிட்டு, மீன்தொட்டிக்கென்று கடலுப்புக் கலவை அடைத்து விற்கிற உப்பு வாளி வாங்கச் சொல்கிறான். வாங்கத்தான் வேண்டுமா?

கல்முனை நானா
வாங்கத்தான் வேண்டும் தம்பி. டிசம்பரில் நீங்கள் அள்ளியது கடல் இல்லை, வாவி. வெள்ளத்துக்கு முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் மட்டக்களப்பு வாவித் தண்ணீர் முழுக்க அந்தக் கரையோரமாகத்தான் போகும். வயல் பசளை, டவுன் வடிகான் தண்ணீர் எல்லாம் அதோடு சேர்ந்து வரும். உப்பு வாளி என்றால் எந்த மாதமும் 35தான். நான் ஏழு வருடமாக ஒரு சொட்டுக் கடல் தண்ணீர் ஊற்றியதில்லை.

பாசிக்குடா கிழவன்
ஏழு வருடமாகக் கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கடலைக் காசு கொடுத்து வாங்குகிறார். நல்லது.

இஞ்ச பாருங்க மனே, குற்றம் கடலில் இல்லை, அள்ளின இடத்திலும் நாளிலும்தான். என் தொட்டிக்குப் பதினைந்து வயது. மாசி தொடக்கம் ஆவணி வரைக்கும், பவளப் பாருக்கு அப்பால் வள்ளத்தில் போய் எடுப்பேன். துணியில் வடித்து, மூடின கானில் இருட்டறையில் வைப்பேன். மாரிக்கு வேண்டியதைப் புரட்டாதிக்கு முன்னமே சேர்த்துவிடுவேன். ஐப்பசி கார்த்திகையில் கரையில் அள்ளுகிறவனுக்குக் கடலைக் குறை சொல்ல வாய் இல்லை.

கல்முனை நானா
அண்ணன், எல்லாருக்கும் வள்ளம் இருக்கிறதா? வாடகை வீட்டில் இருக்கிறவர் பத்துக் கானை எங்கே அடுக்குவார்? அதோடு ஒன்று. மாரியில் வங்காள விரிகுடாவின் தண்ணீரே நம் பக்கம் இறங்கி வரும். அது கங்கையும் மற்ற ஆறுகளும் கலந்த தண்ணீர். முகத்துவாரம் இல்லாத இடத்தில், பாருக்கு அப்பால் அளந்தாலும் 34க்குக் கீழேதான் நிற்கும்.

பாசிக்குடா கிழவன்
அந்தத் தண்ணீரில்தானே நம் பவளம் வளர்கிறது? 33 என்றாலும் 34 என்றாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

மீன்பாடி
ஐயா, 33 என்பதால் ஒன்றும் ஆகாது, சரி. ஆனால் கடலில் அது வாரக்கணக்கில் மெல்ல இறங்குகிறது. நாம் வாளியில் ஊற்றுவது பத்து நிமிடத்தில்.

வாவிக்கரை அண்ணா, முதலில் அந்தச் சோடாக் கரண்டியைக் கீழே வையுங்கள். உங்கள் எண்களை நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். 30 உப்பில் கேஎச் 6.8 என்றால், அதே தண்ணீர் 35க்கு வந்தால் கேஎச் 7.9. கல்சியம் 360ஐயும் அதே கணக்கில் பெருக்கினால் 420. இரண்டும் நல்ல எண்கள். கேஎச்சும் கல்சியமும் தனித்தனியாகக் குறையவில்லை, உப்போடு சேர்ந்து எல்லாமே நீர்த்துப் போயிருக்கிறது. பாலில் தண்ணீர் கலந்தால் சீனியும் குறைந்த மாதிரித் தெரியும், அதுதான் நடந்திருக்கிறது.

100 லீற்றரில் கேஎச் ஒரு புள்ளி ஏற ஏறக்குறைய 3 கிறாம் அப்பச்சோடா போதும். இரண்டு தேக்கரண்டி 10 கிறாம் வரும். ஒரே இரவில் மூன்று புள்ளி ஏறியிருக்கும். அப்புறம் உப்பைச் சரி செய்யும்போது அதற்கு மேலேயும் ஏறும். ஏற்கெனவே சுருண்டு கிடக்கும் பவளத்துக்கு இது இன்னொரு அடி.

டிசம்பரில் அள்ளின தண்ணீரில் மிச்சக் கான் இருக்கிறதா? அதை அளந்து சொல்லுங்கள்.

வாவிக்கரை – கல்லடி
நல்ல வேளை, சோடாப் பக்கெற்றைப் பிரித்துத்தான் வைத்திருந்தேன். ஒரு கான் மிச்சம் இருந்தது, இப்போது அளந்தேன். 24.

மீன்பாடி
அப்படியென்றால் கணக்கு ஒத்துப் போகிறது. 35இல் இருந்த தொட்டியில் கால்வாசியை 24ஆல் மாற்றினால் 32. திரும்பவும் மாற்றினால் 30 சொச்சம். மூன்று வாரத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்பது அவ்வளவுதான்.

பாசிக்குடா கிழவன்
பிள்ளை கணக்கில் கெட்டி. ஆனால் அளவுக் கருவியை நம்பலாமா? குழாய்த் தண்ணீரில் சுழியம் வைத்துவிட்டு 35ஐப் பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும்.

மீன்பாடி
அதுவும் கேட்க வேண்டிய கேள்விதான். 35 காட்ட வேண்டிய ஒப்பீட்டுத் திரவம் சின்னப் போத்தலில் கிடைக்கிறது, உப்பு பார்க்கிற ரிஃப்ராக்டோமீற்றரை அதில்தான் திருத்த வேண்டும். முள் ஆடுகிற பிளாஸ்ரிக் கருவி என்றால் எண்ணை நம்பவே வேண்டாம்.

வாழைச்சேனை ஜெற்
இவ்வளவு மண்டை உடைப்பு தேவையா? பாசிக்குடாவில் கரை ஒதுங்கிய பவளக்கல் ஒரு பை அள்ளி வந்து போட்டால் கல்சியம் தானே ஏறும். உயிர்கள் ஒட்டி வாழ்கிற உயிர்க்கல் ஒன்றும் நான் உடைத்து எடுத்தேன்.

பாசிக்குடா கிழவன்
உடைத்ததை இங்கே பெருமையாகச் சொல்லாதே தம்பி. கல்பவளம் எல்லாம் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. எடுப்பதே குற்றம், ஒதுங்கினது செத்தது என்ற சாட்டுச் சொல்ல முடியாது. சுண்ணாம்புக்கென்று பவளக்கல் சுட்ட காலத்தைப் பார்த்த ஆள் நான். 1998இல் கடல் சூடேறி எங்கள் பார் வெள்ளையாகிச் செத்ததையும் பார்த்தேன். திரும்பித் துளிர்க்கிறதை உன் கண்ணாடிப் பெட்டிக்கு உடைக்காதே.

கல்முனை நானா
இந்த ஒன்றில் அண்ணனோடு நான் ஒரே பக்கம். அதோடு அந்தக் கல்லைப் போட்டாலும் கல்சியம் ஏறாது. தொட்டியின் பிஎச் 8க்கு மேலே இருக்கையில் பவளக்கல் கரையாது.

சரி, இனி உப்புக்கு வருவோம். கணக்கு எப்படி இருந்தாலும் என் வாதம் அப்படியே நிற்கிறது. கானை அளக்காமல் ஊற்றியதால் வந்த வினை. வாளியில் கலக்கிற எனக்கு அந்தத் தலையிடி இல்லை.

பாசிக்குடா கிழவன்
எந்தத் தண்ணீரில் கலக்குகிறீர் நானா? கரையோர மணல் கிணற்றிலா? பக்கத்தில் மலசலகூடக் குழி, சோப்புத் தண்ணீர். அதில் நைத்திரேற்று கிடக்கு. விலை கூடின உப்பை அதில் கரைத்தால் என் கடலைவிட மோசம்.

கல்முனை நானா
ஆர்.ஓ. தண்ணீர். வீட்டிலேயே வடிகட்டி இருக்கிறது, கரைந்து கிடப்பதை அளக்கிற டிடிஎஸ் மீற்றரில் சுழியம். கடையில் வாங்குகிறவர்களும் மீற்றரை வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், குடிக்கிறதற்கென்று சில இடங்களில் கனிமம் திரும்பச் சேர்ப்பார்கள். ஒத்துக்கொள்கிறேன், கிணற்றில் கலக்கிற ஆளுக்கு வாளி வாங்கியும் பயனில்லை.

மீன்பாடி
இருவரும் தொடாத இடம் ஒன்று இருக்கிறது. ஆவியாகிற தண்ணீருக்கு எதை ஊற்றுகிறீர்கள்?

கச்சான் காற்று அடிக்கிற ஆனி ஆடியில் என் தொட்டிக்கு மேலே மின்விசிறி போடுவேன். காற்று காய்ந்து கிடப்பதால் வெப்பம் இரண்டு மூன்று பாகை இறங்கும். ஆனால் நாளுக்கு மூன்று லீற்றர் போகும். உப்பு போகாது, தண்ணீர்தான் போகும். ஒரே நாளில் 35 இருந்தது 36 ஆகிவிடும். அதற்குக் கடல் தண்ணீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். உப்பில்லாத நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், அதுவும் தினமும். வாரத்துக்கு ஒரு தரம் ஒரேயடியாக ஊற்றினால் அதுவும் ஆட்டம்தான்.

வாவிக்கரை அண்ணாவுக்கு இப்போது இதையே திருப்பிப் போடலாம். உப்பைக் கொட்ட வேண்டாம். மழைநாளில் ஒன்றரை லீற்றர் அளவில் ஆவியாகும். அதற்கு நல்ல தண்ணீருக்குப் பதில் 35 உப்புள்ள தண்ணீரை ஊற்றுங்கள். நாளுக்கு அரைப் புள்ளி ஏறும், பத்து நாளில் 35. பிறகு பழையபடி நல்ல தண்ணீர். கேஎச், கல்சியம் இரண்டையும் தொட வேண்டாம். மஷ்ரூமும் லெதரும் கல் எலும்பு கட்டுகிற பவளங்கள் இல்லை, அவை குடிக்கிற கல்சியம் சொற்பம்.

கல்முனை நானா
அந்த 35 உப்புள்ள தண்ணீர் ஜனவரியில் எங்கிருந்து வரும்? என் வாளியில் இருந்து. ஒரு கிலோ தருகிறேன், வந்து எடுங்கள்.

பாசிக்குடா கிழவன்
என்னிடம் ஆவணித் தண்ணீர் மூன்று கான் இருக்கு. காசு வேண்டாம்.

வாவிக்கரை – கல்லடி
ஆறு நாள் ஆகிறது. நானாவின் உப்பு கிட்ட என்பதால் அதைத்தான் எடுத்தேன், ஐயா கோபிக்க வேண்டாம். ஒப்பீட்டுத் திரவத்தில் திருத்தியபோது என் கருவி அரைப் புள்ளி குறைத்துக் காட்டியிருந்தது. அதையும் சேர்த்து இப்போது 33.5. மஷ்ரூம் மூன்று விரிந்துவிட்டன. கேஎச் 7.6, ஒன்றும் போடவில்லை. லெதர் இன்னும் மூடித்தான், மேலே மெழுகு பூசின மாதிரி மினுங்குகிறது. செத்துவிட்டதா?

பாசிக்குடா கிழவன்
சாகவில்லை. சட்டை கழற்றுகிறது. ஒரு வாரமும் எடுக்கும், கூடவும் எடுக்கும். நீரோட்டத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிவிடு, உரிந்தது போகட்டும். கையால் சுரண்டாதே.

வாவிக்கரை – கல்லடி
இன்று காலையில் உரித்துவிட்டது. கண்ணாடியில் ஒட்டிக் கிடந்த தோலைப் பார்த்து அம்மா பொலித்தீன் பை என்று நினைத்து எடுக்கப் போனா. மாசியில் ஐயாவின் வள்ளத்தில் எனக்கு ஒரு இடம் வேண்டும், நான்கு கானோடு வருவேன்.

கல்முனை நானா
அள்ளுவதற்கு முன்னால் அளவுக் கருவியையும் வள்ளத்தில் ஏற்றுங்கள். 34க்குக் கீழே காட்டினால் எனக்கு ஒரு படம் அனுப்ப வேண்டும்.

பாசிக்குடா கிழவன்
நானாவும் வரட்டும். ஏழு வருடம் கடலைப் பார்க்காத ஆள்.